கூரை சோலாருக்கு உள்நாட்டுப் பேனல்: இறக்குமதியைத் தவிர்த்த ஒரு தொழிற்சாலையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலை, 2023ஆம் ஆண்டில் தன் தகரக் கூரைமேல் 400 கிலோவாட் அளவுக்கு சோலார் போடத் தீர்மானித்தது. இயந்திரங்கள் பகலில்தான் ஓடுகின்றன. கூரையில் கிடைக்கும் மின்சாரம் உள்ளேயே செலவாகிவிடும். ஆகவே போடலாமா வேண்டாமா என்ற பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. பேனலை யாரிடம் வாங்குவது என்பதில்தான் இழுபறி. நேரடியாக இறக்குமதி செய்வதா, உள்நாட்டில் தயாரிப்பவரிடம் எடுப்பதா? இதில் நான் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர், ஊர், தொகை ஆகியவற்றை விட்டுவிட்டு, நடந்ததையும் எடுத்த முடிவுகளையும் மட்டும் எழுதுகிறேன்.

உரிமையாளருக்கு சோலார் புதிதல்ல. அவருடைய இன்னொரு கட்டடத்தில் இறக்குமதி செய்த 330 வாட் பேனல்கள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தன. சில ஆண்டுகள் நன்றாகவே ஓடின. அப்புறம், மழை பெய்த மறுநாள் காலைகளில் ஓர் இன்வெர்ட்டர் மட்டும் கிளம்ப மறுத்தது. வெயில் ஏறி பேனல்கள் காய்ந்ததும் தானாக ஓடத் தொடங்கும். காப்புத்தடை, அதாவது மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் திறன், குறைவு என்று திரையில் எச்சரிக்கை வந்தது. பேனல்களின் அடிப்பக்கத்தைப் பார்த்தபோது, அதை மூடிக் காக்கும் பிளாஸ்டிக் தாளான பேக்‌ஷீட்டில் முடி அளவுக்கு மெல்லிய வெடிப்புகள் நீளவாக்கில் ஓடியிருந்தன. விரலால் தடவினால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டது. ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வாரண்டி இருந்தது. ஆனால் அதை வாங்குவதற்கு ஒவ்வொரு பேனலின் வரிசை எண், படங்கள், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சோதனை அறிக்கை எல்லாம் கேட்டார்கள். சோதனைச் செலவு வாங்கியவர் தலையில். பழுதான பேனலை இறக்கும் கூலி, புதியதை ஏற்றும் கூலி, கப்பல் வாடகை எதுவும் வாரண்டியில் சேராது என்று ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின், ஒரு தொகையை அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்த அடுத்த ஆர்டர் போடப்படவே இல்லை.

மாற்றுப் பேனல் வந்திருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. சில ஆண்டுகளுக்குள் இந்தத் தொழிலில் சிலிக்கான் வில்லையின் (செல் செய்யப் பயன்படும் மெல்லிய தகடு) அளவு 156.75 மி.மீ.யிலிருந்து 158.75, 166, 182 என்று வளர்ந்துவிட்டது. பழைய பேனல் 1956 மி.மீ. நீளம், 992 மி.மீ. அகலம், 2023இல் சந்தையில் சாதாரணமாகக் கிடைத்தது 2278 நீளம், 1134 அகலம். பழைய தாங்கியில் அது உட்காராது. மின்னோட்டமும் வேறு. தொடராக இணைத்த வரிசையில் குறைந்த மின்னோட்டம் உள்ள பேனலே மற்றவற்றையும் கட்டுப்படுத்தும் என்பதால், பெரியதைப் போட்டாலும் அதன் கூடுதல் திறன் வீண்தான்.

இந்த அனுபவத்தால் உரிமையாளர் உள்நாட்டுப் பக்கம் சாய்ந்திருந்தார். கணக்கு அலுவலர் இறக்குமதிப் பக்கம் நின்றார். அவரிடம் விலைப்பட்டியல் இருந்தது.

இரண்டு கொட்டேஷன்கள்

இறக்குமதிக் கொட்டேஷன் 550 வாட் பேனலுக்கு. உள்நாட்டுக் கொட்டேஷன் 540 வாட் பேனலுக்கு. இரண்டும் மோனோ பெர்க் என்ற சிலிக்கான் செல் வகை, பாதியாக வெட்டிய 144 செல்கள், ஒரே நீள அகலம். கப்பலில் ஏற்றும் இடத்து விலையை மட்டும் பார்த்தால் இறக்குமதி பத்தில் ஒரு பங்கு மலிவு. கணக்கு அலுவலர் காட்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

கப்பல் வாடகை, காப்பீடு, இறக்குமதி வரி, துறைமுகக் கட்டணங்கள், அங்கிருந்து லாரி வாடகை, விற்பனையாளருக்குப் பணம் வரும் என்று வங்கி தரும் உறுதிக் கடிதத்துக்கான (எல்.சி.) கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து, தொழிற்சாலை வாசலில் ஒரு வாட்டுக்கு என்ன விழுகிறது என்று மறுபடி போட்டோம். வித்தியாசம் பெருமளவு கரைந்தது. முழுக்கக் கரையவில்லை, இறக்குமதி அப்போதும் கொஞ்சம் மலிவாகவே இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உள்நாட்டுப் பேனலுக்கு வாதாடுகிற பலர் இந்த இடத்தில் கணக்கை வளைக்கிறார்கள்.

விலையைவிட எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அளவு. இந்த வகைப் பேனல் ஒரு பேலட்டில் 31, ஒரு 40 அடி உயரக் கண்டெய்னரில் 20 பேலட், ஆக மொத்தம் 620 பேனல்கள் ஏறும். 20 பேனல் கொண்ட 36 வரிசைகள் போட எங்களுக்கு 720 வேண்டும். ஒரு கண்டெய்னர் போக 100 மீதி. அந்த நூறுக்காக இன்னொரு முழு கண்டெய்னருக்கு வாடகை கட்டலாம், அல்லது 620 பேனலோடு நிறுத்தி 341 கிலோவாட்டில் முடித்துக்கொள்ளலாம், அல்லது மற்றவர் சரக்கோடு பகிர்ந்து அனுப்பலாம். பகிர்ந்து அனுப்பும் சரக்கைப் பல கிடங்குகளில் பலமுறை இறக்கி ஏற்றுவார்கள். 28 கிலோ எடையும் இரண்டேகால் மீட்டர் நீளமும் உள்ள கண்ணாடிப் பலகைக்கு அது நல்லதல்ல. கண்ணாடி உடையாமல் உள்ளே செல் மட்டும் விரிசல் விட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்நாட்டில் அந்தச் சிக்கல் இல்லை. 37 வரிசைக்கு 740 பேனல், உபரியாக 10, மொத்தம் 750 என்று தேவைக்கேற்பக் கேட்க முடிந்தது.

பணம் கட்டும் முறையிலும் பெரிய வேறுபாடு. இறக்குமதியில் 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் சரக்கு கப்பலேறும் நேரத்தில். அதாவது பேனலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் முழுப் பணமும் போய்விடும். இரண்டு தவணைக்கும் நடுவே நாணய மாற்று விகிதம் எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. உள்நாட்டுத் தயாரிப்பாளர் 20 சதவீதம் முன்பணம், தொழிற்சாலையிலேயே நாங்கள் சோதித்து ஏற்றபின் 70, மின் உற்பத்தி தொடங்கியபின் 10 என்பதற்கு ஒத்துக்கொண்டார். அந்தக் கடைசி 10 சதவீதம் பின்னாளில் நிறையப் பேசியது.

உள்நாட்டுப் பேனலில் இழந்தது என்ன? ஒரே பரப்பில் 10 வாட் குறைவு. 400 கிலோவாட்டை எட்ட ஒரு வரிசை கூடுதலாக, அதாவது 20 பேனல் அதிகம் போட வேண்டும். ஏறக்குறைய 52 சதுர மீட்டர் கூரை. இங்கே கூரையில் இடம் மிச்சம் இருந்தது. இடம் நெருக்கடியான கூரையில் இதே கணக்கு வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

தயாரிப்பிடத்தில் கண்டது

முடிவெடுப்பதற்கு முன் தயாரிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். அனுமதித்தார்கள். உள்நாட்டு விற்பனையாளரின் முதல் சாதகம் இதுதான். காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடலாம்.

நாங்கள் கேட்ட முதல் கேள்வி, எது உள்நாட்டுப் பொருள் என்பது. தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர் மழுப்பவில்லை. "செல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது சார். கோர்ப்பது, லேமினேட் பண்ணுவது, சட்டம் போடுவது, சோதிப்பது இங்கே," என்றார். இது அவருடைய தொழிற்சாலைக்கு மட்டும் உரிய நிலை அல்ல. சோலார் பேனலின் தயாரிப்புப் படிகள் பாலிசிலிக்கான், அதிலிருந்து கட்டி, கட்டியை அறுத்த வில்லை, வில்லையிலிருந்து செல், கடைசியில் பேனல். சர்வதேச எரிசக்தி முகமையின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். வில்லையில் இன்னும் அதிகம். ஆகவே 'உள்நாட்டுப் பேனல்' என்று வாங்கும்போது, பெரும்பாலும் கடைசிப் படியை மட்டுமே உள்நாட்டில் வாங்குகிறோம். அந்தக் கடைசிப் படி எவ்வளவு முக்கியம் என்பதுதான் கேள்வி.

முக்கியம் என்றே எனக்குப் பட்டது. கூரையில் ஏறியபின் நான் பார்த்திருக்கிற பழுதுகளில் பெரும்பாலானவை இந்தப் படியில் பிறந்தவை. செல்களைக் கோர்க்கும் மெல்லிய உலோகப் பட்டையான ரிப்பனின் பற்றாசு, அடுக்குகளைச் சூட்டில் ஒட்டும் லேமினேட்டரில் பிசின் சரியாக இறுகாமை, பேக்‌ஷீட்டின் தரம், கேபிள்கள் வெளியே வரும் ஜங்ஷன் பாக்ஸ் ஒட்டிய விதம், பேக்கிங். செல் எங்கிருந்து வந்தாலும் இவை நடக்கும் இடத்தில் நாம் போய் நிற்க முடிகிறது.

அடுத்து, பொருள் பட்டியலைக் கேட்டோம். பேனலுக்கு ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் தரநிலைப்படி இரண்டு சான்றுகள் அடிப்படை: வடிவமைப்புத் தகுதிக்கு ஐ.இ.சி. 61215, பாதுகாப்புக்கு ஐ.இ.சி. 61730. முதல் சான்றுக்கான சோதனையில் பேனலை மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை 200 முறை குளிர்வித்துச் சூடாக்குவார்கள். 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் வைப்பார்கள். ஆனால் அந்தச் சான்று சோதனைக்குப் போன அந்தப் பொருள் சேர்க்கைக்கு உரியது. பிசின் தாளையோ பேக்‌ஷீட்டையோ ஜங்ஷன் பாக்ஸையோ மாற்றினால் எந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதற்குத் தனி வழிகாட்டி, ஐ.இ.சி. 62915 உண்டு. சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைப்பவர்கள் அதன் பின்னிணைப்பில் உள்ள பொருள் பட்டியலைப் புரட்டுவது அபூர்வம். இறக்குமதி விற்பனையாளரிடம் அதைக் கேட்டதற்கு "கம்பெனி ரகசியம்" என்று பதில் வந்தது. இங்கே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்கில் இருந்த பெட்டிகளின் லேபிள்களோடு ஒப்பிட்டோம். பொருந்தியது. ஜங்ஷன் பாக்ஸ் மட்டும் இரண்டு தயாரிப்புகள் இருந்தன. இரண்டும் சான்றில் இருந்ததால் ஏற்றுக்கொண்டோம்.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

உள்நாட்டுத் தயாரிப்பாளரிடமே வாங்குவது என்று முடிவானது. காரணத்தைக் கூட்டக் குறிப்பில் இப்படி எழுதினோம்: விலை வித்தியாசம் சிறியது, அந்தத் தொகைக்குப் பணம் கட்டும் முன் சோதிக்கும் உரிமையும், பழுது வந்தால் ஆளை நேரில் வரவழைக்கும் வசதியும் கிடைக்கின்றன.

நாட்டுப்பற்று, வேலைவாய்ப்பு என்ற வாதங்களும் மேசைக்கு வந்தன. அவை பொய் அல்ல. பேனல் தயாரிக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கே சிலருக்கு வேலை கிடைக்கும். பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் உருவாவார்கள். ஆனால் ஒரு தொழிற்சாலை தன் பணத்தைப் போடும்போது, ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்க முடிகிற சாதகங்களை மட்டும் கணக்கில் எடுப்பதே சரி என்று நான் சொன்னேன். மற்றவை வந்தால் லாபம்.

கணக்கு அலுவலர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "25 வருஷ வாரண்டி என்கிறார்கள். 25 வருஷம் இந்தக் கம்பெனி இருக்குமா?" நியாயமான பயம். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய செல் தயாரிப்பாளராக இருந்த ஜெர்மனியின் கியூ-செல்ஸ் 2012இல் திவாலானது. 2013இல் சீனாவின் சன்டெக்கின் முக்கியப் பிரிவு. 2017இல் ஜெர்மனியின் சோலார்வேர்ல்டு. உள்நாடா வெளிநாடா என்பதை இந்தத் தொழிலின் விலைப்போர் பார்ப்பதில்லை. ஜெர்மனியில் இருந்த வாடிக்கையாளருக்கு சோலார்வேர்ல்டு உள்நாட்டுக் கம்பெனிதான்.

அந்தக் கேள்விக்குப் பின் வாரண்டியை வேறு விதமாகப் பிரித்தோம். 25 ஆண்டுத் திறன் உறுதி, அதாவது முதல் ஆண்டில் 2 சதவீதமும் அதன்பின் ஆண்டுக்கு 0.55 சதவீதமும் மட்டுமே குறையும், 25ஆம் ஆண்டில் 84.8 சதவீதம் இருக்கும் என்ற வாக்குறுதி, கணக்கில் கிட்டத்தட்ட பூஜ்யம். அதை நிரூபிக்க ஆகும் செலவே பேனல் விலையைத் தாண்டும். மாறாக முதல் சில ஆண்டுகளில் வெளிப்படும் தயாரிப்புக் குறைகளுக்கு முழுப் பொறுப்பு, இறக்கி ஏற்றும் கூலி உட்பட, என்று ஒரு பிரிவை எழுதி வாங்கினோம். இறக்குமதியாளர் ஒப்புக்கொள்ளாத பிரிவு இது. உள்நாட்டுக்காரரும் இரண்டு சுற்றுப் பேச்சுக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

விலையைப் பற்றியும் ஒரு பிரிவு சேர்ந்தது. 2023இல் உலகச் சந்தையில் பேனல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்துகொண்டிருந்தது. செல்லும் இறக்குமதி என்பதால் உள்நாட்டு விலையும் கூடவே இறங்கியது. கடல்வழி வரும் சரக்குக்கு விலையைப் பேசி முடித்துவிட்டால், அது வந்து சேர்வதற்குள் விழும் விலை வாங்குபவருக்கு நட்டம். இங்கே ஆர்டரை இரண்டு பகுதியாக்கி, இரண்டாம் பகுதிக்கு அந்த நேரத்துச் செல் விலையை ஒட்டித் திருத்தம் என்று வைத்தோம். கொஞ்சம் மிச்சமானது. விலை ஏறும் காலமாக இருந்தால் இந்தப் பிரிவு எங்களைக் கடித்திருக்கும்.

சரக்கு கிளம்பும் முன்

இந்த நிகழ்வில் மிகவும் பயனுள்ள பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேனலுக்கு ஈ.எல். என்று ஒரு சோதனை உண்டு. இருட்டறையில் பேனலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் சிலிக்கான் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழும். அதற்கான கேமரா அதைப் படமெடுக்கும். மின்சாரம் போய்ச் சேராத இடம் கறுப்பாகத் தெரியும். மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரே போல, வெளியே தெரியாத விரிசலை இது காட்டிக்கொடுக்கும். தயாரிப்பாளர் ஒவ்வொரு பேனலுக்கும் இந்தப் படத்தை எடுத்து வரிசை எண்ணோடு சேமித்து வைத்திருந்தார். அந்தப் படங்கள் அனைத்தையும் எங்களுக்குத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

750 பேனல் கொண்ட தொகுதிக்கு ஐ.எஸ்.ஓ. 2859-1 மாதிரி முறைப்படி 80 பேனல்களை எடுத்தோம். ஏற்கத்தக்க குறையளவை (ஏ.க்யூ.எல்.) 1.5 சதவீதம் என்று வைத்திருந்ததால், அந்த முறையின் அட்டவணைப்படி 80இல் மூன்று வரை குறை இருந்தால் தொகுதி தேறும். நான்காவது வந்தால் தேறாது. ஆறு வந்தது. ஆறிலும் ஒரே அடையாளம்: பேனலின் ஓர் ஓரத்து செல்களில், ரிப்பனை ஒட்டி விரல் அகலத்துக்கு மங்கலான பட்டை. வெவ்வேறு பேனல்களில், ஆனால் அதே இடத்தில். விரிசல் என்றால் இஷ்டத்துக்குக் கோணலாக ஓடும். ஒரே இடத்தில் நேராக வந்தால் இயந்திரத்தின் வேலை.

தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளருக்கு முதலில் இது குறையாகவே தெரியவில்லை. நொடிப்பொழுது வலுவான ஒளியைப் பாய்ச்சித் திறனை அளக்கும் வெளிச்சச் சோதனையில் இந்தப் பேனல்கள் 540 வாட்டுக்கு மேலேயே காட்டின. அவர்களுடைய அளவுகோலில் தேறியவை. பற்றாசு பாதி பிடித்த ரிப்பன் இன்றைக்கு மின்சாரத்தைக் கடத்தும். சில நூறு பகலும் இரவும் சூடாகிக் குளிர்ந்தபின் விட்டுவிடும் என்பது எங்கள் வாதம். பேச்சு நீண்டது. கடைசியில் அவரே ரிப்பனை உரித்துப் பார்க்கலாம் என்றார். லேமினேட் ஆகாத ஒரு செல் சரத்தை எடுத்து ரிப்பனை இழுவைக் கருவியில் மாட்டி உரித்தார்கள். நடுச் செல்களில் ரிப்பன் சிலிக்கானையே பிய்த்துக்கொண்டு வந்தது. ஓரத்துச் செல்லில் ஸ்டிக்கர் மாதிரி சுத்தமாக உரிந்தது. அதற்குப் பிறகு யாரும் வாதாடவில்லை.

750 படங்களையும் உட்கார்ந்து பார்த்ததில் 41 பேனல்கள் ஒதுங்கின. பெரும்பாலானவை, செல்களை ரிப்பனால் கோர்க்கும் ஒரே ஸ்ட்ரிங்கர் இயந்திரத்தில் ஓடியவை. அதன் ஓரத்துச் சூடேற்றி சரியான வெப்பத்துக்கு வரவில்லை என்று தெரிந்தது. அதைச் சரிசெய்து 41க்கும் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். அட்டவணை கொஞ்சம் தள்ளிப்போனது. கூரையில் தாங்கி வேலை அப்போதும் முடியாததால் பாதிப்பில்லை.

இறக்குமதியிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஏற்றுமதி நாட்டில் இதற்கென்றே ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன; பெரிய சோலார் பண்ணைகள் அவர்களை வைத்துத்தான் வாங்குகின்றன. ஆனால் ஒரு கண்டெய்னருக்குச் சற்று மேல் வாங்குகிறவருக்கு அந்தக் கட்டணம் கட்டுபடியாகாது. ஆய்வாளர் குறை சொன்னாலும், இயந்திரத்தை நிறுத்தி ரிப்பனை உரித்துக் காட்டச் சொல்லும் பலம் அவ்வளவு சிறிய ஆர்டருக்கு இருக்காது.

இறக்கியதும் பொருத்தியதும்

பேனல்கள் தேவைக்கேற்பத் தவணையாக லாரியில் வந்தன. கண்டெய்னர் என்றால் எல்லாப் பேலட்டும் ஒரே நாளில் முற்றத்தில் குவிந்திருக்கும். மழைக்குத் தார்ப்பாய், ஃபோர்க்லிஃப்ட் முட்டாமல் காவல், வழியடைப்பு. அந்தத் தொல்லை இல்லை.

வெளிச்சச் சோதனையின் அளவுகளும் வரிசை எண்ணோடு கையில் இருந்ததால், மின்னோட்டம் நெருங்கிய பேனல்களை ஒரே வரிசையில் வருமாறு பிரித்துப் பொருத்தினோம். மின் மேற்பார்வையாளருக்கு இது முதலில் வீண் வேலையாகப் பட்டது, வேலையாட்களும் முணுமுணுத்தார்கள். எந்த எண் எந்த இடத்தில் என்று கூரை வரைபடத்தில் அவர்தான் எழுதி வைத்தார். பின்னால் அதுதான் உதவியது.

அதன் பின்

சில மாதம் ஓடியபின் நல்ல வெயில் நேரத்தில் வெப்பக் கேமராவால் கூரை முழுவதையும் பார்த்தோம். நான்கு பேனல்களில் நடு ஜங்ஷன் பாக்ஸ், பக்கத்து பேனல்களில் உள்ளதைவிட 20 டிகிரிக்கும் மேல் சூடாக இருந்தது. மின் உற்பத்தி அளவில் அது தெரியவே இல்லை. அப்படியே விட்டிருந்தால் பிளாஸ்டிக் இளகி, ஒருநாள் கருகிய வாசனையில்தான் தெரிந்திருக்கும்.

வரைபடத்திலிருந்து வரிசை எண்களை எடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பினோம். அவர்களுடைய பொறியாளர் அதே வாரம் வந்து, ஒரு பாக்ஸைத் திறந்தார். உள்ளே ரிப்பன் முனையும் செம்பு முனையும் சேரும் இடத்தில் பற்றாசு முழுதாகப் படரவில்லை. எண்களை வைத்துப் பார்த்ததில் நான்கும் ஒரே ஷிஃப்டில், இரண்டாவது தயாரிப்பு ஜங்ஷன் பாக்ஸ் போட்டவை. அதே தொகுதியில் கூரையில் வேறு எவை இருக்கின்றன என்று பட்டியல் தந்தார். அவற்றைக் குறிவைத்துப் பார்த்ததில் இன்னும் இரண்டு பிடிபட்டன. ஆறையும் கழற்றி, கையிருப்பில் இருந்த பத்து உபரிப் பேனல்களிலிருந்து மாற்றினோம். ஒரே தொகுதியில் பிறந்தவை என்பதால் அளவும் மின்னோட்டமும் கச்சிதமாகப் பொருந்தின. உபரியை அவர்கள் நிரப்பிக் கொடுத்தார்கள். கூலியையும் ஏற்றார்கள், கடைசி 10 சதவீதத்தில் ஒரு பங்கு இன்னும் எங்களிடம் இருந்தது அதற்கு உதவியிருக்கலாம்.

ஆக, உள்நாட்டுப் பேனலில் பழுது வரவில்லை என்று யாரும் படிக்க வேண்டாம். இரண்டு முறை வந்தது. இறக்குமதிப் பேனல்களில் எதிலும் வந்திருக்காது என்றுகூட இருக்கலாம். பெரிய தயாரிப்பாளர்களின் இயந்திரங்கள் இவர்களுடையதைவிடப் புதியவை. வந்தபின் என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

இன்னொரு சம்பவம் பேனலோடு சேர்த்துப் பேசப்பட்டதால் சொல்கிறேன். ஒரு வரிசையின் முனையில் இணைப்பான் ஒன்று சூடேறி நிறம் மாறியது. முதலில் பேனல்காரரைத்தான் குறை சொன்னார்கள். பார்த்தால், பொருத்தும் ஒப்பந்தக்காரர் கேபிள் பக்கத்தில் வேறு தயாரிப்பு இணைப்பானைப் போட்டிருந்தார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், 'க்ளிக்' என்று பூட்டும். ஆனால் உள்ளே உலோகம் முழுதாகப் பொருந்தாது. எல்லா முனைகளையும் ஒரே தயாரிப்புக்கு மாற்றினோம்.

கார்பன் கணக்கு

தொழிற்சாலையிடம் பெட்டி வாங்கும் ஒரு பெரிய வாடிக்கையாளர் கார்பன் விவரம் கேட்டிருந்தார். "உள்நாட்டுப் பேனல், கப்பலில் வரவில்லை" என்பதைப் பெரிதாகப் போட்டுக்கொள்ள உரிமையாளர் விரும்பினார். வேண்டாம் என்றேன். மேலே சொன்ன சர்வதேச எரிசக்தி முகமையின் 2022 அறிக்கையின்படி, பேனல் தயாரிப்பின் மொத்த உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு 3 சதவீதம்தான். உலகில் பேனல் தயாரிக்கச் செலவான மின்சாரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் அப்போது நிலக்கரியிலிருந்து வந்தது. பாலிசிலிக்கானும் கட்டியும் வில்லையும் செய்யும் படிகளே அதைக் குடிக்கின்றன. செல்லை வெளியிலிருந்து வாங்கிக் கோர்க்கும் பேனலில் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது. எப்படியானாலும் பேனல் தன் தயாரிப்பு உமிழ்வைச் சில மாத உற்பத்தியிலேயே ஈடுகட்டிவிடும் என்பதால், அந்த எண்ணை மட்டும் போட்டார்கள்.

அடுத்த முறைக்கு

கூரையின் மீதிப் பகுதிக்கும் பேனல் போடத் திட்டம் இருக்கிறது. அதற்கான ஒப்பந்த வரைவில் சில மாற்றங்களைச் சேர்த்திருக்கிறோம். ஈ.எல். படத்தில் எது குறை, எது இல்லை என்பதை மாதிரிப் படங்களோடு இணைப்பாக வைக்கிறோம். தொழிற்சாலையில் நின்று வாதாட வேண்டியிருக்காது. ஜங்ஷன் பாக்ஸ் உட்பட ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு தயாரிப்பு. மாற்ற வேண்டுமானால் முன்கூட்டி எழுத்தில் சொல்ல வேண்டும். ஜங்ஷன் பாக்ஸ் பற்றாசுக்கும் தனி மாதிரிச் சோதனை. உபரி இருமடங்காகும், ஏனென்றால் தயாரிப்பாளரே 182 மி.மீ. பெர்க்கிலிருந்து வேறு வகைக்கு மாறும் பேச்சில் இருக்கிறார். அப்போது உள்நாட்டுக்காரரிடமும் இதே அளவு கிடைக்காது. இணைப்பான் தயாரிப்பு எது என்பது பொருத்துபவரின் ஒப்பந்தத்திலும் ஏறும்.

இறக்குமதியாளர்களையும் மறுபடி கேட்டிருக்கிறோம். அவர்களில் ஒருவர் இப்போது உள்ளூர்க் கிடங்கில் சரக்கு வைத்திருக்கிறார், கிடங்கிலேயே ஈ.எல். சோதனைக்கும் கூலிப் பிரிவுக்கும் சம்மதம் சொல்லியிருக்கிறார். பொருள் பட்டியல் தருவதாக இன்னும் சொல்லவில்லை. அது வந்தால் இரண்டு கொட்டேஷனையும் சமமாக வைத்துப் பார்க்கலாம் என்று உரிமையாளர் காத்திருக்கிறார்.